ஓய்வு பெறும் நாளில் வீடும் போகும்: நீலகிரித் தோட்டங்களின் ஓய்வுக்காலக் கணக்கு

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்ததிலிருந்து, "ஓராண்டு வேலை பார்த்தாலே பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்கும்" என்ற செய்தி கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருக்கிறது. அந்தச் செய்தி பாதி உண்மை. ஓராண்டு என்ற சலுகை, குறிப்பிட்ட காலத்திற்கு ஒப்பந்தம் போட்டு வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே உரியது. நிரந்தரத் தொழிலாளிக்குப் பழையபடியே ஐந்தாண்டுத் தொடர் பணி தேவை. தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்திலேயே "தோட்டம்" என்ற சொல் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தது. ஆகவே கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் இருபது முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த ஒருவருக்கு இந்த மாற்றத்தால் புதிதாகப் பெரிய தொகை எதுவும் வந்துவிடாது.

செய்தி கிளப்பிய குழப்பத்தைவிடப் பெரியது, அது கிளப்பாமல் விட்ட கேள்வி. நகரத்தில் ஓய்வு பெறுபவர் இழப்பது சம்பளத்தை. தோட்டத்தில் ஓய்வு பெறுபவரோ சம்பளத்தோடு குடியிருக்கும் வீட்டையும், தண்ணீரையும், விறகையும், தோட்ட மருத்துவமனையையும் ஒரே நாளில் இழக்கிறார். "எவ்வளவு பணம் கையில் இருந்தால் ஓய்வு பெறலாம்?" என்று தொடங்கும் பொதுவான ஆலோசனைகள் இந்த மலையில் பிசகுவதற்கு இதுவே காரணம். இங்கே கணக்கு வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். பணம் அதற்குப் பின்னால்தான் வரும்.

கையில் வரும் தொகைகள் எவை?

1. வருங்கால வைப்பு நிதி. பேச்சு வழக்கில் பி.எப். தொழிலாளியின் கூலியில் 12 சதவீதம் பிடிக்கப்படுகிறது. நிர்வாகமும் 12 சதவீதம் செலுத்துகிறது. நிர்வாகத்தின் பங்கில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விட, மீதமுள்ள 3.67 சதவீதமே பி.எப். கணக்கில் சேரும். "இரண்டு பங்கும் எனக்கு மொத்தமாக வரும்" என்று நம்பியிருப்பவர்கள் ஓய்வு பெறும் நாளில் ஏமாற்றம் அடைவது இந்தப் பிரிவினை தெரியாததால்தான்.

2. மாத ஓய்வூதியம். ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995இன்படி, குறைந்தது 10 ஆண்டுப் பணி முடித்தவருக்கு 58 வயதில் இது தொடங்கும். கடைசி 60 மாதங்களின் சராசரிக் கூலியைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதத் தொகை கிடைக்கும். 20 ஆண்டுகளோ அதற்கு மேலோ பணி செய்தவருக்கு 2 ஆண்டு கூடுதலாகச் சேர்க்கப்படும். கணக்கில் எடுக்கப்படும் கூலியின் உச்சவரம்பு 2014 செப்டம்பர் முதல் மாதம் 15,000 ரூபாய். குறைந்தபட்ச ஓய்வூதியமும் அதே 2014இல்தான் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது.

3. பணிக்கொடை. கிராஜுவிட்டி என்றால்தான் பலருக்கும் விளங்கும். ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் கூலி. நாட்கூலிக்காரருக்கு நாட்கூலி, பதினைந்து, பணி ஆண்டுகள் ஆகிய மூன்றையும் பெருக்கினால் போதும். இந்தத் தொகையை 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தாமதமானால் வட்டியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

பணிக்கொடையில் தோட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஓராண்டு முழுப் பணி ஆண்டாகக் கொள்ளப்பட 240 நாள் வேலை பதிவாகியிருக்க வேண்டும். உடல்நலக் குறைவாலோ, பிள்ளைகளைப் பார்க்கத் திருப்பூர், கோவை என்று போய்த் தங்கியதாலோ வேலைக்கு வராத நாட்கள் கூடிப்போன ஆண்டுகள், கணக்குப் போடும்போது விடுபட வாய்ப்பிருக்கிறது. செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டை ஓய்வு பெறும் மாதத்தில் பார்ப்பதால் பயன் குறைவு. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்தால்தான் திருத்த முடியும்.

ஒரு தொழிலாளியின் கணக்கு

கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. 1997இல் வேலைக்குச் சேர்ந்து, 28 ஆண்டுகள் கொழுந்து பறித்து, 58 வயதை எட்டிய ஒரு பெண் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவருடைய கடைசி நாட்கூலி 450 ரூபாய். மாதம் 25 நாள் வேலை. ஆக மாதக் கூலி 11,250. கடைசி ஐந்தாண்டுச் சராசரி 10,500.

ஓய்வூதியம்: 28 ஆண்டுகளுடன் 2 ஆண்டு கூட்டினால் 30. 10,500ஐ 30ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதம் 4,500 ரூபாய். பணிக்கொடை: 450 × 15 × 28 = 1,89,000 ரூபாய். பி.எப். தொகை, மகள் திருமணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் இடையிடையே எடுத்ததுபோக 4 லட்சம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தமாக வரும் தொகை 5,89,000. இதில் 89,000ஐ அவசரத்துக்கென்று வைத்துக்கொண்டு, 5 லட்சத்தை 8.2 சதவீத வட்டி தரும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய் வரும்; மாதக் கணக்கில் 3,416. ஓய்வூதியத்தையும் சேர்த்தால் மாத வரவு 7,916 ரூபாய்.

வேலையில் இருந்தபோது பி.எப். பிடித்தம்போக அவர் கையில் வாங்கியது 9,900. வித்தியாசம் இரண்டாயிரம்தானே, சமாளித்துவிடலாம் என்று இந்த இடத்தில் தோன்றும். பெரும்பாலான ஓய்வுக்காலக் கணக்குகள் இங்கேதான் முடிந்தும் விடுகின்றன.

தோட்ட நிர்வாகம் தொழிலாளர்களுக்குத் தரும் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டுக்கு அவர் இதுவரை வாடகை கொடுத்ததில்லை. கூடலூர் நகரத்திலோ கோத்தகிரிச் சந்தைப் பக்கத்திலோ இரண்டு அறை கொண்ட ஒரு வீட்டுக்கு மாதம் 4,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால், வாழ்க்கைக்கு மிஞ்சுவது 3,916 மட்டுமே. மின்கட்டணம், சமையல் எரிவாயு, பேருந்துச் செலவு என்று இதுவரை இல்லாதவையோ குறைவாக இருந்தவையோ எல்லாம் அதற்குள் வர வேண்டும். இரண்டாயிரம் என்று தோன்றிய பள்ளத்தின் உண்மையான ஆழம் ஆறாயிரம். இந்த 4,000 ரூபாய் எந்தச் சம்பளச் சீட்டிலும் எழுதப்பட்டதில்லை என்பதால், அதை வருமானமாக யாரும் எண்ணியதும் இல்லை.

வீடு: சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

தோட்டத் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு தருவது நிர்வாகத்தின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தச் சட்டம் இப்போது பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. இரண்டிலும் வீட்டுரிமை வேலையோடு கட்டப்பட்டதே. வேலை முடிந்தால் குடியிருக்கும் உரிமையும் முடிகிறது. பணிக்கொடையை வாங்க வேண்டுமானால் முதலில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நிர்வாகம் சொல்வதும், பணிக்கொடை வராமல் எங்கே போவது என்று தொழிலாளி கேட்பதும் பழைய இழுபறி. காலி செய்யாத வீட்டுக்காகப் பணிக்கொடையில் கைவைக்கலாமா என்பதில் நீதிமன்றத் தீர்ப்புகளும் வழக்குக்கு வழக்கு வேறுபட்டிருக்கின்றன. ஆகவே ஓய்வு பெற்ற பிறகு சட்டத்தை நம்பி லைன் வீட்டில் நீடித்திருக்கலாம் என்ற எண்ணத்தின் மேல் திட்டம் எதையும் கட்ட முடியாது.

சமவெளியில் சொந்த ஊரும், அங்கே ஓர் ஓட்டு வீடும் இருப்பவர்களுக்கு இது அவ்வளவு கடினமில்லை. நீலகிரித் தோட்டத் தொழிலாளர்களில் கணிசமானோர் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தினர். தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயே அவர்களுக்கு வேலை தருவதை நோக்கமாகக் கொண்டு வளர்ந்த நிறுவனம். "ஊருக்குப் போய்விடுங்கள்" என்றால் அவர்களுக்கு ஊர் என்பது இந்த லைன்தான். தோட்டத்துக்கு வெளியே என்ன நடக்கலாம் என்பதைத் திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் ஏற்கெனவே காட்டியிருக்கிறது. 1929இல் 99 ஆண்டுக்கு எடுக்கப்பட்ட அதன் நிலக் குத்தகை 2028இல் முடிய இருக்க, 2024இலேயே விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டது. அங்கே நடந்த போராட்டமும் வழக்கும் ஓய்வுத் தொகையைவிட வீட்டையும் ஊரையும் பற்றியவையாகவே இருந்தன.

நடைமுறையில் தோட்டங்கள் கண்டுபிடித்திருக்கும் வழி ஒன்று உண்டு. கணவன் ஓய்வு பெற்றாலும் மனைவி வேலையில் இருந்தால் வீடு அவர் பெயரில் தொடரும். இருவரும் ஓய்வு பெற்றால் மகனோ மருமகளோ பெயர் பதிந்து வேலைக்கு வந்து வீட்டைக் காப்பாற்றுவார்கள். இது இலவசமான தீர்வாகத் தெரிகிறது. ஆனால் திருப்பூரிலோ கோவையிலோ கூடுதலாகச் சம்பாதிக்கக்கூடிய ஒரு பிள்ளையை வீட்டுக்காகத் தோட்டக் கூலிக்குத் திருப்பி அழைக்கும்போது, பெற்றோரின் ஓய்வுச் செலவைப் பிள்ளை தன் சம்பளத்திலிருந்து கட்டுகிறது. கூலி வித்தியாசம் மாதம் 5,000 என்றாலும், அது ஊரில் வாடகை வீடு எடுப்பதைவிட விலை அதிகமான வழி. பல குடும்பங்கள் இதை உணர்ந்துவிட்டன. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் இன்று இங்கே கொழுந்து பறிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சொந்த வீடு கட்டுவதென்றால் மலையில் மூன்று தடைகள் இருக்கின்றன.

1. பட்டா. ஊரகப் பகுதியில் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் தரும் தமிழக அரசின் "கலைஞரின் கனவு இல்லம்" திட்டத்துக்குச் சொந்த நிலம் வேண்டும். லைனுக்குப் பக்கத்தில் வழிவழியாகக் காய்கறி போட்டுவந்த துண்டு நிலம் தோட்டத்தினுடையது, தொழிலாளியினுடையது அல்ல.

2. கூடலூர், பந்தலூர் பகுதியின் ஜென்ம நிலம், அதாவது முன்பு ஜென்மி எனப்படும் பரம்பரை நில உடைமையாளர்களிடம் இருந்த நிலம். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குள் வரும் நிலங்களின் உரிமைச் சிக்கல் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று பணிக்கொடைத் தொகையைக் கொடுத்து அங்கே ஐந்து சென்ட் எழுதி வாங்குபவருக்குக் கையில் இருக்கப்போவது ஒரு வெள்ளைக் காகிதம் மட்டுமாக இருக்கலாம். பட்டாவும் வராது, மின் இணைப்பும் வங்கிக் கடனும் இழுபறியாகும். வாங்குவதற்கு முன் நிலம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது, விலை பேசுவதைவிட முக்கியம்.

3. கட்டட விதிகள். நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சரிவிலும் மண்சரிவு அபாயப் பகுதியிலும் அனுமதி எளிதல்ல. 2009 நவம்பர் மழையின் சரிவுகளை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த விதிகளைக் குறை சொல்லமாட்டார்கள். செங்கல், மணல், சிமெண்ட் எல்லாம் மலையேறி வருவதால் கட்டும் செலவும் சமவெளியைவிட அதிகம்.

இவ்வளவும் இருந்தும், மேலே சொன்ன கணக்கில் 5 லட்சத்தை வீட்டில் போடுவதா, வட்டிக்கு வைத்து வாடகை கொடுப்பதா என்று கேட்டால், பட்டா நிலம் இருக்குமானால் வீடே மேல் என்பது என் கருத்து. வட்டிக்கு வைத்தால் வாடகைபோக மிஞ்சுவது 3,916. வீடு கட்டிவிட்டால் வட்டி இல்லாவிட்டாலும் ஓய்வூதியம் 4,500 முழுதாக மிஞ்சும். இன்றைக்கு வித்தியாசம் அறுநூறு ரூபாய்கூட இல்லை. ஆனால் வாடகை ஆண்டுதோறும் ஏறும், வட்டி ஏறாது.

ஏறாத ஓய்வூதியம்

இந்த ஏற்றத்தாழ்வுதான் அடுத்த பெரிய செய்தி. ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் அகவிலைப்படி கிடையாது. 58 வயதில் 4,500 என்று நிர்ணயிக்கப்பட்டால் 78 வயதிலும் அதே 4,500தான். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாகக் கொண்டால் 12 ஆண்டுகளில் பொருள்களின் விலை இரண்டு மடங்காகும். 70 வயதில் அந்த 4,500 ரூபாய், இன்றைய 2,250 ரூபாய் வாங்கும் அளவுக்கே வாங்கும்.

நீலகிரியிலேயே இதற்கு அருகருகே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் 2004க்கு முன் சேர்ந்து ஓய்வு பெற்றவர், ஒன்றிய அரசின் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் அகவிலைப்படியோடு பணம் வாங்குகிறார். அது விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிறது. உதகை இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் ஒன்றிய அரசின் நிறுவனமே. ஆனால் பொதுத்துறை நிறுவனம் என்பதால் அங்கே இருந்தவர்கள் பி.எப். திட்டத்தின் கீழ் வந்தார்கள். 1960இல் தொடங்கப்பட்ட அந்த ஆலை நலிவடைந்து, விருப்ப ஓய்வில் எல்லோரும் வெளியேறியபோது அவர்கள் கையில் இருந்தது ஒரு மொத்தத் தொகையும் ஏறாத ஒரு சிறு ஓய்வூதியமும்தான். "அரசு வேலை, ஓய்வூதியம் உண்டு" என்று ஊரில் ஒரே வாக்கியமாகச் சொல்லப்படுவதற்குள் இவ்வளவு வேறுபாடு அடங்கியிருக்கிறது. ஓய்வு பெறலாமா என்று முடிவு செய்யும் முன், தன் ஓய்வூதியம் ஏறும் வகையா, ஏறாத வகையா என்பதை ஒருவர் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஏறாத வகை என்றால், தொடக்க ஆண்டுகளில் வரும் வட்டி முழுவதையும் செலவழிக்காமல் ஒரு பகுதியை அசலோடு சேர்த்துவைப்பது ஒன்றே எளிய மருந்து. மாதம் எட்டாயிரத்துக்கும் குறைவாக வாங்கும் ஒருவரிடம் இதைச் சொல்வது எளிது, செய்வது அரிது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

58இல் வாங்குவதா, தள்ளிப்போடுவதா?

சில தோட்டங்களில் ஓய்வு வயது 58, சிலவற்றில் 60. 58க்குப் பின்னும் வேலையில் இருப்பவருக்கு ஒரு தேர்வு உண்டு. ஓய்வூதியத்தை 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் வீதம் தொகை கூடும். நல்ல பேரமாகத் தோன்றும் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 4,500 என்பது இரண்டாண்டில் 4,867 ஆகும். கூடுதல் 367 ரூபாய். இதற்காக 24 மாதம் விட்டுக்கொடுத்தது 1,08,000 ரூபாய். அந்த இழப்பை 367 வீதம் திரும்பப் பெற 294 மாதம், அதாவது இருபத்து நான்கரை ஆண்டு ஆகும். 84 வயதைத் தாண்டினால்தான் லாபம்.

58 வயதில் ஓய்வூதிய உறுப்பினர் நிலை முடிந்துவிடுவதால், வேலையில் தொடர்ந்துகொண்டே ஓய்வூதியத்தை வாங்கவும் விதியில் இடம் உண்டு. 58இலேயே வாங்கத் தொடங்கி, அந்தத் தொகையைத் தொடாமல் சேர்த்து, கூலியில் வாழ்வதே இங்கே சரியான வழி. இரண்டாண்டில் சேரும் அந்த ஒரு லட்சம் வீட்டுக்கு அடித்தளம் போடவாவது உதவும்.

இதற்கு எதிர்த்திசையில், 50 வயதுக்குப் பின் எப்போது வேண்டுமானாலும் குறைத்த ஓய்வூதியம் வாங்கலாம்; 58க்கு முந்தைய ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். 55இல் வாங்கினால் சுமார் 12 சதவீதம் வெட்டு, அதுவும் வாழ்நாள் முழுவதற்கும். முழங்கால் தேய்ந்து சரிவில் நிற்க முடியாதவருக்கு இது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். மொத்தத் தொகையைப் பார்த்து ஆசைப்பட்டு விருப்ப ஓய்வு எடுப்பவருக்கு, வீடு தயாராக இல்லாதவரை, இது நட்டமான பேரம் என்றே நான் நினைக்கிறேன்.

சிறு தேயிலை விவசாயிக்கு ஓய்வு என்பது என்ன?

சொந்தமாக ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவருக்கு வீட்டுக் கவலை இல்லை. ஹட்டியில், அதாவது தன் மலைக்கிராமத்தில், வீடு இருக்கிறது. அவருக்கு ஓய்வு வயது என்று யாரும் நிர்ணயிக்கவில்லை, ஓய்வூதியமும் இல்லை. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து வந்துகொண்டே இருக்கும். பறிக்காமல் விட்டால் முற்றிப்போகும்.

அவருடைய ஓய்வின் விலையைத் துல்லியமாகக் கணக்கிட முடியும். ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 4,000 கிலோ பச்சைத் தேயிலை, கிலோ 18 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரவு 72,000. உரம், மருந்து, களையெடுப்பு 16,000. குடும்பமே பறித்தால் மிச்சம் 56,000. ஆளை வைத்துப் பறித்தால் கிலோவுக்கு 7 ரூபாய் வீதம் 28,000 போக, மிச்சம் 28,000. பறிப்பதை நிறுத்திய அன்றே வருமானம் சரிபாதி. விலை 14 ரூபாய்க்கு இறங்கினால், தானே பறிப்பவருக்கு 40,000 மிஞ்சும். ஆள் வைத்தவருக்கு வெறும் 12,000. நான்கு ரூபாய் விலைச் சரிவை உழைக்கிறவர் தாங்கிக்கொள்வார். ஓய்வு பெற்றவரால் தாங்க முடியாது. செடிகளை வெட்டிக் கவாத்து செய்யும் ஆண்டில் சில மாதங்களுக்கு இலையே இராது; டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி கருக்கினால் அந்தப் பருவமும் போகும்.

ஆகவே சிறு விவசாயி முழு ஓய்வைப் பற்றி யோசிப்பதைவிடத் தோட்டத்தைப் பாதியாகப் பிரித்துப் பார்க்கலாம். சாலையோரத்தில், சரிவு குறைந்த பகுதியைத் தானே பார்த்துக்கொண்டு, எட்டாத பகுதியைக் குத்தகைக்கு விடலாம். குத்தகையை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. உறவினருக்கே விட்டாலும் அப்படித்தான். நிலம் கூட்டுப் பட்டாவில் இருந்தால், கை ஓடும்போதே உட்பிரிவு செய்து தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விற்பதானாலும், கடன் வாங்குவதானாலும், அரசு உதவித்தொகை பெறுவதானாலும் தடை அங்கேதான் வரும். 40 வயதுக்குட்பட்ட அடுத்த தலைமுறைக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்காக 2019இல் தொடங்கப்பட்ட பிரதமரின் விவசாயிகள் ஓய்வூதியத் திட்டத்தில், சேரும் வயதைப் பொறுத்து மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்டினால், அதே அளவு தொகையை ஒன்றிய அரசும் போட்டு, 60 வயதில் மாதம் 3,000 தருகிறது. 3,000 பெரிய தொகை அல்ல. ஆனால் மேலே பார்த்த ஓர் ஏக்கர் தேயிலை, ஆள் வைத்துப் பறித்தால் மாதத்துக்குத் தருவது இதைவிடக் குறைவு.

மொத்தத் தொகையை எங்கே வைப்பது?

வீட்டுக்குப் போக மிஞ்சும் தொகை எவ்வளவானாலும், பாதுகாப்பு முதல், வட்டி இரண்டாவது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் கிடைக்கிறது. உச்சவரம்பு 30 லட்சம். 2023 ஏப்ரல் முதல் வட்டி 8.2 சதவீதம், ஐந்தாண்டுக் காலம். பொதுவாக 60 வயதில்தான் சேர முடியும் என்றாலும், 55 முதல் 60 வயதுக்குள் பணி ஓய்வோ விருப்ப ஓய்வோ பெற்றவர்கள், ஓய்வுத் தொகை கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் நிர்வாகத்தின் சான்றோடு சேரலாம். 58இல் ஓய்வு பெறும் தொழிலாளி இந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டால் 60 வரை காத்திருக்க வேண்டும். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் வயது வரம்பு இல்லை, வட்டி 7.4 சதவீதம்; தனிக் கணக்குக்கு 9 லட்சம் வரை.

வங்கி வைப்புகளுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் போடும் பணத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஓய்வு பெறும் மாதத்தில் லைனுக்குத் தேடிவந்து மாதம் இரண்டு வட்டி, மூன்று வட்டி தருவதாகச் சொல்பவர்களைப் பற்றி விளக்கவே தேவையில்லை: மாதம் மூன்று வட்டி என்பது ஆண்டுக்கு 36 சதவீதம், நேர்மையான எந்தத் தொழிலும் அதைத் தொடர்ந்து கொடுக்க முடியாது.

மருத்துவம்

தோட்ட மருத்துவமனை ஓய்வோடு முடிகிறது. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்கும் குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். அட்டையை வேலையில் இருக்கும்போதே எடுத்துவைக்க வேண்டும். உதகையில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபின், எல்லாவற்றுக்கும் கோவைக்கு ஓட வேண்டிய நிலை ஓரளவு மாறியிருக்கிறது. கூடலூரிலிருந்து உதகையே சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை என்பதால், வாடகை வீடு பார்க்கும்போது மாதம் 500 ரூபாய் குறைவு என்பதற்காகப் பேருந்து போகாத இடத்தைத் தேர்ந்தெடுப்பது பின்னால் அதிகம் செலவு வைக்கும். சமவெளியிலிருந்து ஓய்வுக்காலத்தைக் கழிக்கக் குன்னூருக்கும் கொடைக்கானலுக்கும் வருபவர்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். அவர்கள் காட்சியைப் பார்த்து வாங்குகிறார்கள், எழுபது வயதில் ஆம்புலன்ஸ் திரும்ப முடியாத சந்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஓய்வுக்கு முன் சரிபார்க்க வேண்டியவை

1. பெயரும் பிறந்த தேதியும். பி.எப். பதிவு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தோட்டப் பதிவில் "மாரியாயி", ஆதாரில் "மாரியம்மாள்" என்றிருந்தால் பணம் நிற்கும். வயதைக் குத்துமதிப்பாக எழுதிய பழைய பதிவுகள் உள்ள குடும்பங்களில் இதைத் திருத்தவே பல மாதங்கள் ஆகலாம். நிர்வாகத்தின் ஒப்புதல் தேவைப்படும் என்பதால், வேலையில் இருக்கும்போது கேட்பதே எளிது.

2. வாரிசு நியமனம். பி.எப்.புக்கும் பணிக்கொடைக்கும் தனித்தனியே பதிய வேண்டும். ஓய்வூதியம் பெறுபவர் இறந்தால் கணவனுக்கோ மனைவிக்கோ பாதித் தொகை தொடரும். குடும்ப விவரத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும்.

3. உயிர்வாழ்வுச் சான்று. ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும்; ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் எந்த மாதத்தில் வேண்டுமானாலும் கொடுக்கலாம், அன்றிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். முப்பது ஆண்டு கொழுந்து பறித்த விரல்களின் ரேகை தேய்ந்து, கருவியில் பதியாமல் போவது இங்கே வழக்கமான சிக்கல். கைபேசியில் முகத்தைக் காட்டிப் பதியும் வழி இப்போது இருக்கிறது. விரல் பதியவில்லை என்று திருப்பி அனுப்பினால் அந்த முறையில் பதியும்படி கேட்கலாம். 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் இந்த ஓய்வூதியத்தைப் பெறும் ஏற்பாடு வந்துவிட்டதால், பிள்ளைகளோடு திருப்பூருக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ குடிபெயர்பவர்கள் கணக்கை மாற்றுவதற்காகக் குன்னூருக்கு ஏறி வர வேண்டியதில்லை.